சைவச் சமையல் புத்தகம் தேடுகிறீர்களா? முதலில் ரசம் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

தூத்துக்குடியில் மீன்குழம்பு வாசத்தில் வளர்ந்தவன் நான். வேலைக்காகப் பெங்களூரு வந்தபோது கிடைத்த வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கூட இருந்த இரண்டு பேரும் சைவம். வாரத்தில் மூன்று நாள் என் முறை. எனக்குத் தெரிந்ததோ சோறும் முட்டைப் பொரியலும். சரி, புத்தகம் வாங்கிப் படித்துச் சமைத்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வருடத்தில் 11 புத்தகங்கள், கிட்டத்தட்ட 4,300 ரூபாய். அதில் இன்றைக்கு அடுப்பு மேடைப் பக்கம் இருப்பது மூன்று. மற்றவை படம் பார்க்கத்தான் ஆகும். அந்தப் பணத்தையும், அதைவிட முக்கியமாக அறை நண்பர்கள் முகம் சுளித்த அந்த ராத்திரிகளையும் நீங்களாவது மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ஊர்ச் சமையல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"இந்திய சைவச் சமையல்" என்று அட்டையில் போட்டு 1,000 குறிப்புகள் இருக்கிற புத்தகத்தைத்தான் எல்லோரும் முதலில் வாங்குவார்கள், நானும் அதையே வாங்கினேன். அப்படி ஒரு சமையலே கிடையாது. திருநெல்வேலிச் சொதிக்குத் தேங்காய்ப்பால் வேண்டும், ராஜஸ்தான் கட்டே கி சப்ஜிக்குப் பச்சைக் காய்கறியே வேண்டாம், கடலை மாவு உருண்டையும் தயிரும் போதும். காஷ்மீரி பண்டிதர் வீட்டுத் தாமரைத்தண்டு யக்னியில் (தயிர்க் குழம்பு) வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சோம்புத்தூளும் சுக்குத்தூளும் வேலையைச் செய்கின்றன. வங்காளத்து நிராமிஷ், அதாவது சைவச் சமையலில் பாகற்காய் போட்ட சுக்தோ சாப்பாட்டின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். இத்தனையையும் ஒரே புத்தகத்தில் அடைத்தால் எல்லாக் குழம்புக்கும் ஒரே வெங்காயம் தக்காளி விழுதும் கரம் மசாலாவும்தான் மிஞ்சும். பெயர் மட்டும் மாறும்.

அதனால் முதல் புத்தகம் ஒரு ஊருடையதாக இருக்கட்டும். நீங்கள் சாப்பிட்டு வளர்ந்த ருசிக்கு நெருக்கமான ஊர் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் தப்பு நடந்தால் நாக்கு சொல்லிவிடும். சாப்பிட்டே பார்க்காத உந்தியுவை (குஜராத்திக் காய்கறிக் கலவை) புத்தகம் பார்த்துச் செய்தால் அது சரியா தப்பா என்று யாரைக் கேட்பது?

நமக்கு என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' தான் என் முதல் சிபாரிசு. 1951-இல் வந்த புத்தகம், இன்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சில் இருக்கிறது. எல்லாப் பாகங்களையும் சேர்த்து வாங்காதீர்கள், முதல் பாகம் போதும். குஜராத்தி, வட இந்தியப் பக்கம் போக ஆசை என்றால் தர்லா தலாலின் 1974 புத்தகம், 'தி பிளெஷர்ஸ் ஆஃப் வெஜிடேரியன் குக்கிங்'. வெங்காயம், பூண்டு, முட்டை எதுவும் இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு யமுனா தேவி 1987-இல் எழுதிய 'லார்ட் கிருஷ்ணாஸ் க்யுசீன்'. 500-க்கும் மேற்பட்ட குறிப்புகள், செங்கல் கனம். அதை முதல் புத்தகமாக வாங்க வேண்டாம்.

2. அட்டையில் இருக்கும் 'வெஜிடேரியன்' யாருடைய வெஜிடேரியன்?

இது சின்ன விஷயம், ஆனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்தது. வெளிநாட்டில் அச்சான சைவப் புத்தகத்தில் முட்டை வரும். சில பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனெட் என்ற நொதி இருக்கும், அதைப் புத்தகம் சொல்லாது. ஜைனச் சமையலில் உருளைக்கிழங்கு, கேரட் உட்பட எந்தக் கிழங்கும் இருக்காது. யாருக்குச் சமைக்கப் போகிறீர்களோ அவர்களிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: முட்டை உண்டா, வெங்காயம் பூண்டு உண்டா, கிழங்கு உண்டா. அப்புறம் புத்தகத்தைத் தேடுங்கள்.

3. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம்: ரசச் சோதனை

இதுதான் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வைத்த முதல் ரசத்துக்கு அந்த வழவழ புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: புளி, தக்காளி, பருப்புத் தண்ணீர், ரசப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து "நன்கு கொதிக்க விட்டு இறக்கவும்". நன்கு என்றால் நன்குதானே, ஏழெட்டு நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டேன். வந்தது ரசம் இல்லை, மிளகு மிதந்த புளித்தண்ணி. வாசனை முழுக்க ஆவியாகிச் சன்னல் வழியாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ரொம்ப நன்றாக மணந்திருக்கும்.

ரசத்தில் இரண்டு கொதி இருக்கிறது. முதலில் புளித்தண்ணீரும் தக்காளியும் உப்பும் மஞ்சளும் பச்சை வாசனை போகிற வரைக்கும் கொதிக்க வேண்டும், அதில் அவசரம் கூடாது. பருப்புத் தண்ணீர் விளாவிய பிறகு கொதிக்கவே கூடாது, விளிம்பில் நுரை கட்டிப் பொங்கி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிற புத்தகத்தை எழுதியவர் அடுப்படியில் நின்றிருக்கிறார் என்று நம்பலாம். "கொதிக்க விடவும்" என்று ஒரே வரியில் முடித்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

அதேபோல இன்னும் இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று, பாகு வைக்கிற ஏதாவது ஒரு இனிப்பு. மைசூர் பாகுக்கு ஒரு கம்பிப் பதம் என்று எழுதி, விரலில் தொட்டு இழுத்தால் எப்படி வரும் என்றும் சொல்லியிருக்கிறதா? "சர்க்கரை கரைந்ததும் மாவைக் கொட்டவும்" என்றிருந்தால் அந்த ஆள் செய்து பார்க்கவே இல்லை. இன்னொன்று, வட இந்தியப் புத்தகம் என்றால் ராஜ்மா பக்கம். ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதித்து வேக வேண்டும் என்று இருக்க வேண்டும். அரைகுறையாக வெந்த சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் காய்ந்த ராஜ்மாவை அப்படியே போடச் சொல்கிற குறிப்பை நானே ஒரு புத்தகத்தில் பார்த்தேன். குக்கரில் வைத்தால் இந்தப் பயம் இல்லை.

கடையில் நின்று படிக்கக் கூச்சமாக இருந்தால் இணையத்தில் மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள். மின்புத்தகங்களுக்கு முதல் சில பக்கங்கள் பெரும்பாலும் இலவசம்.

4. வாங்காமலே பார்க்க: நூலகம்

மூன்று மாதம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம்.

உறுப்பினராக என்ன கேட்பார்கள் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். பொதுவாகப் பூர்த்தி செய்த படிவம், அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, திரும்பத் தரும் முன்பணம். பொறி எங்கே என்றால் முகவரிச் சான்றில். என் ஆதாரில் ஊர் முகவரி, இருப்பதோ வேறு மாநிலம். வாடகை ஒப்பந்த நகலைக் கொண்டுவா என்று ஒரு நூலகத்தில் திருப்பி அனுப்பினார்கள், எடுத்துக்கொண்டு மறுபடி போனால் அன்றைக்கு வார விடுமுறை. ஆக ஒரு காகிதத்துக்கு இரண்டு சனிக்கிழமை. போவதற்கு முன் போன் செய்து, என்ன காகிதம், எந்தக் கிழமை விடுமுறை, சமையல் புத்தகங்கள் வீட்டுக்குத் தருவார்களா இல்லை அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். அங்கேயே படிக்க வேண்டும் என்றாலும் பரவாயில்லை, ஒரு மதியம் போதும், ரசம் பக்கம் பார்க்க.

5. எங்கே வாங்குவது, எவ்வளவுக்கு

புதுப் புத்தகம் என்றால் அவசரப்படாமல் ஜனவரி வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். சென்னைப் புத்தகக் காட்சி வழக்கமாக அந்த வாக்கில்தான் நடக்கும், பில்லில் 10 சதவீதம் கழிவு உண்டு. எல்லாவற்றையும்விட, பத்துப் பதிப்பகங்களின் சமையல் புத்தகங்களை ஒரே நாளில் புரட்டிப் பார்க்கலாம்.

பழைய புத்தகம் என்றால் பெங்களூரில் அவென்யூ ரோடு நடைபாதையும் சர்ச் ஸ்ட்ரீட் கடைகளும், சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை. சமையல் புத்தகத்தைப் பழையதாக வாங்குவதில் ஒரு லாபம் இருக்கிறது: எண்ணெய்க் கறை. முந்தைய ஆள் எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தார் என்று கறையே சொல்லிவிடும். அவென்யூ ரோட்டில் 80 ரூபாய்க்கு வாங்கிய என் புத்தகத்தில் புளியோதரைப் பக்கம் மஞ்சளேறிக் கிடந்தது, ஓரத்தில் பென்சிலால் "எள் இன்னும் ½" என்று வேறு எழுதியிருந்தது. அந்த அரைக்கரண்டி எள் புத்தகத்தின் விலையைவிடப் பெறும்.

மகளிர் இதழ்களோடு வந்த "30 வகை" இணைப்புகளைக் கட்டுக்கட்டாக விற்பார்கள், மலிவு. தோசை வகை, துவையல் வகை எடுத்துக்கொள்ளலாம். இனிப்பு, ஊறுகாய் மட்டும் அவற்றை நம்பிச் செய்ய வேண்டாம், இடம் இல்லாததால் பதம் சொல்லும் வரிகளைத்தான் அதில் முதலில் வெட்டியிருப்பார்கள் போல.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு மூன்று பொறிகள். ஒரே புத்தகம் வெவ்வேறு அட்டையில் இரண்டு விலையில் இருக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரும் ஐ.எஸ்.பி.என். என்ற அடையாள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பதின்மூன்று இலக்கம் என்பது 2007 முதல் வந்த முறை, பத்து இலக்கம் மட்டும் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தைய அச்சு. இரண்டாவது, ஆசிரியரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், பதிப்பகத்தின் பெயரும் இல்லாமல், 1,500 குறிப்புகள் என்று விற்கிற புத்தகங்கள். இயந்திரத்தை எழுதச் சொல்லி அச்சடித்த மாதிரியே இருக்கும். அப்படி ஒன்றில் எலுமிச்சைச் சாதத்துக்குச் சாதத்தைக் கிளறிய பிறகு 25 நிமிடம் வேகவைக்கச் சொல்லியிருந்தது. அதைத் திருப்பி அனுப்பப் போனால் நாள் கடந்துவிட்டது என்றார்கள். ஆகவே பார்சல் வந்த அன்றே பிரித்து ரசம் பக்கத்தைப் படியுங்கள். மூன்றாவது, யாரோ ஸ்கேன் செய்து சுற்றுக்கு விட்ட இலவசப் பிரதிகள். திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு வந்ததில் சாம்பார் பொடிப் பக்கமே இல்லை, ஆனால் புத்தகத்தில் பாதிக் குறிப்புகளில் "2 கரண்டி சாம்பார் பொடி".

6. அளவுகளைச் சரிசெய்யுங்கள்

ஒரு டிஜிட்டல் தராசும் (எனக்கு 350 ரூபாய் ஆனது) அளவுக் கரண்டி செட் ஒன்றும் வாங்குங்கள். நான்காவது சமையல் புத்தகத்துக்குப் பதில் இதை வாங்கலாம்.

பழைய தமிழ்ப் புத்தகங்களில் ஆழாக்கு, படி, பலம், வீசை வரும். 1 ஆழாக்கு 168 மில்லி, 2 ஆழாக்கு 1 உழக்கு, 8 ஆழாக்கு 1 படி. எடையில் 1 பலம் 35 கிராம், 8 பலம் 1 சேர், 40 பலம் 1 வீசை, அதாவது 1.4 கிலோ. இங்கே ஒரு குழி இருக்கிறது. நம் சேர் 280 கிராம்தான், வட இந்தியப் பழைய புத்தகங்களில் வரும் சேர் 933 கிராம். இரண்டையும் கலந்தால் அல்வா பூசு மாவாகிவிடும்.

கப் என்பதும் ஒன்றில்லை. அமெரிக்கப் புத்தகத்தில் சுமார் 240 மில்லி, நம் ஊர்ப் புத்தகங்களில் 200-ம் உண்டு 250-ம் உண்டு, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே கப் என்றால் பிரச்சினை இல்லை. மாவுக்குக் கப்பும் வெண்ணெய்க்குக் கிராமும் கலந்து கொடுத்திருந்தால் முன்பக்கத்தில் கப் அளவு எங்கே என்று தேடுங்கள். வெறும் "ஸ்பூன்" என்றால் இன்னும் மோசம், தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15. உப்பிலும் பெருங்காயத்திலும் மூன்று மடங்கு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். உப்பிலும் கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு உட்காரும், தூளுப்பு அப்படியே நெருக்கி நிறையும், அதனால் ஒரே கரண்டியானாலும் தூளுப்பு அதிகம் கரிக்கும்.

அப்புறம் எலுமிச்சை அளவு புளி. யார் வீட்டு எலுமிச்சை? ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவைப் புளி உருட்டச் சொல்லித் தராசில் வைத்தேன். 28 கிராம். "எதுக்குலே இதையெல்லாம் நிறுத்துட்டு இருக்க?" என்று சிரித்தாள், ஆனால் அந்த 28 கிராமுக்குப் பிறகு என் குழம்பு ஒரு நாள்கூடப் புளித்ததில்லை. உங்கள் வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவருடைய கைப்பிடியையும் எலுமிச்சையையும் நெல்லிக்காயையும் ஒருமுறை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பழைய புத்தகமும் திறந்துகொள்ளும்.

மிளகாயை எண்ணிக்கையில் சொல்லும் குறிப்பில் எந்த மிளகாய் என்று பாருங்கள். கர்நாடகப் புத்தகம் பத்து மிளகாய் என்றால் அது நிறம் தரும் பியாட்கி, காரம் கம்மி. அதே பத்தை நம் குண்டு மிளகாயில் போட்டு நான் அழுதிருக்கிறேன். விசில் கணக்கையும் நம்பாதீர்கள், 3 லிட்டர் குக்கரின் விசிலும் 5 லிட்டரின் விசிலும் ஒன்றில்லை. முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் எத்தனை நிமிடம் என்று உங்கள் குக்கருக்கு நீங்களே கணக்கு வையுங்கள். பெங்களூரு போல 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். இட்லி மாவும் டிசம்பரில் எட்டு மணி நேரத்தில் பொங்காது, பதினான்கு பதினைந்து ஆகும். தூத்துக்குடி வெயிலை மனதில் வைத்து எழுதிய குறிப்பு அது.

7. பெயரில் ஏமாறாதீர்கள்

பருப்புகள் சுலபம்: தூர் அல்லது அர்ஹர் துவரை, சனா தால் கடலைப்பருப்பு, மூங் பாசிப்பயறு, உரத் உளுந்து, மசூர் மைசூர்ப் பருப்பு. சிக்கல் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களில்தான். கன்னடத்தில் கடலே என்றால் கொண்டைக்கடலை, நம் வேர்க்கடலை அங்கே கடலேகாயி, ஹுரிகடலே பொட்டுக்கடலை. சமையல் குறிப்பில் காயி துரி என்று வந்தால் காயைத் துருவச் சொல்லவில்லை, தேங்காய்த் துருவல். நான் சுரைக்காயைத் துருவினேன். டாலியா இந்தியில் உடைத்த கோதுமை, குஜராத்திக் கடையில் அதே பெயருக்குப் பொட்டுக்கடலை கொடுப்பார்கள். இந்திக் குறிப்பில் காலா ஜீரா என்பது ஷாஹி ஜீரா என்கிற மெல்லிய சீரகம், நம் கருஞ்சீரகம் அவர்களுக்குக் கலோஞ்சி. ஆனால் வங்காளக் குறிப்பில் காலோ ஜீரே என்றால் நம் கருஞ்சீரகமேதான். சந்தேகம் வந்தால் படத்தைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள், 50 கிராமுக்கு மேல் வேண்டாம்.

8. காணொளியை எதற்குப் பார்ப்பது

பதம் பார்க்க. கம்பிப்பதம் எப்படி இழுபடுகிறது, மாவு எப்படி விழ வேண்டும், கடுகு வெடித்ததும் எவ்வளவு சீக்கிரம் உளுந்தைப் போட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வராது. அளவைப் புத்தகத்திலிருந்து எடுங்கள். காணொளியில் சொல்வது ஒன்று, கீழே எழுதியிருப்பது ஒன்று, போடுவது கண்ணளவில் மூன்றாவது ஒன்று. ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், கை மட்டும் தெரிந்தால் போதும்.

9. முதல் மாதம் நான்கே குறிப்புகள்

புத்தகம் வந்ததும் அதிலுள்ளதையெல்லாம் செய்யத் தோன்றும். வேண்டாம். ஒரு குழம்பு, ஒரு ரசம், ஒரு பொரியல், ஒரு துவையல். ஒவ்வொன்றையும் நாலு தடவை. முதல் தடவை எழுதியிருப்பதை அப்படியே, ஒன்றையும் மாற்றாமல். அப்படிச் செய்தால்தான் தப்பு புத்தகத்திலா உங்களிடமா என்று தெரியும். இரண்டாவது தடவையில் ஒரே ஒரு பொருளை மாற்றுங்கள். ஒரு 40 பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், போனில் எழுதினால் ஈரக்கையோடு தேட முடியாது.

நான்கு தடவை செய்த பிறகும் நான்கில் மூன்று குறிப்பு சரிவரவில்லை என்றால் புத்தகத்தைப் பழைய கடையில் தள்ளிவிடுங்கள், பாதி விலையாவது கிடைக்கும். சரிவந்தால் அந்த ஆசிரியரின் அடுத்த புத்தகத்துக்குப் போகலாம்.

என் நோட்டில் ரசத்துக்கு இப்போது இருப்பது இது, மூன்று பேருக்கு: புளி 14 கிராம், தக்காளி 2, தண்ணீர் 400 மில்லி, தூளுப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, பச்சை வாசனை போக 9 நிமிடம். பருப்புத் தண்ணீர் 250 மில்லி விளாவி, நுரை வந்ததும் அணை. மிளகு சீரகம் இடித்தது ஒன்றரைத் தேக்கரண்டி கடைசியில், தாளிப்பு நெய்யில். ஓரத்தில் அறை நண்பன் கையெழுத்தில் "பூண்டு?" என்று இருக்கிறது, அதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.